பாட்டு மிஞ்சியது, கதை எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலான நேரத்தில் வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். தகப்பன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார், குடும்பம் இங்கே இருக்கிறது. நடுவில் இரண்டரை நிமிடத்துக்கு ஒருவரும் பேசுவதில்லை. தகப்பனின் கதிரை வெறுமையாக இருக்கிறது. பிள்ளை சின்னச் சட்டையோடு வந்து போகிறது, பிறகு நீளக் காற்சட்டையோடு வருகிறது. தாய் போனைக் காதில் வைத்தபடி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். இவ்வளவுக்கும் பின்னால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. மண்டபத்தில் நிறையத் தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். நாங்களும் பெருமையோடு காணொளியை இணையத்தில் ஏற்றினோம். அடுத்த நாள் பார்த்தால் அந்த இரண்டரை நிமிடத்துக்கும் சத்தம் இல்லை. பாட்டின் உரிமை வேறொருவருடையது என்று தளம் ஒலியை நிறுத்திவிட்டது.

இலண்டனில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் கீழே எழுதினார்: "நல்லா இருக்கு சேர். ஆனா நடுவில என்ன நடக்குதெண்டு விளங்கேல்லை."

அந்த வசனம் எங்களை விடவில்லை. மண்டபத்தை அழவைத்த காட்சியிலிருந்து பாட்டைக் கழற்றியதும் அதில் விளங்குவதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதே!

இந்த வருடமும் பிள்ளைகள் அதையே செய்யக் கேட்கிறார்கள். "அந்த இடத்தில ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை சேர். பாட்டைப் போட்டா காணும். இப்ப எல்லா நாடகத்திலயும் அப்பிடித்தானே." அவர்கள் சொல்வது சரிதான். இரவு ஏழு மணிக்கு எந்த வீட்டில் ரீவி போட்டாலும் இதுதான் நடக்கிறது. கதாநாயகி மழையில் நிற்பாள், கதாநாயகன் தூரத்தில் பார்ப்பான், மெதுவாக ஓடும் காட்சித் துண்டுகளுக்கு மேல் பழைய படப் பாட்டொன்று. சினிமாக்காரர் இதை மொன்டாஜ் என்பார்கள். ஆனால் "இப்ப" என்று பிள்ளைகள் சொன்னதுதான் எங்களுக்கு உறுத்தியது. இது இப்போது வந்ததா? எங்கள் ஊரில் இதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்ட சனம் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தோம்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'இசையும் கதையும்' என்று சொன்னாலே போதும். இளையவர்களுக்காகச் சொல்கிறோம். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் வந்த நிகழ்ச்சி அது. நேயர் ஒருவர் ஒரு கதை எழுதி அனுப்புவார். அறிவிப்பாளர் அதை வாசிப்பார். கதை ஓரிடத்தில் நிற்கும், அந்த இடத்துக்குப் பொருத்தமான சினிமாப் பாட்டு வரும். பாட்டு முடியக் கதை தொடரும், இன்னோரிடத்தில் நிற்கும், அடுத்த பாட்டு. எந்தப் பாட்டு எங்கே வரவேண்டும் என்பதையும் நேயரே எழுதிக் கொடுப்பார். படம் இல்லை, நடிகர் இல்லை, கமெரா இல்லை. ஒரு குரலும் ஒரு இசைத்தட்டும்தான். இன்றைய தொடர்கள் செய்வதன் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருந்தது.

அந்த நிகழ்ச்சி ஏன் இங்கே முளைத்தது என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். வர்த்தக சேவை வந்தது 1950இல். இரண்டு வருடம் கழித்து 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் தரக்குறைவானவை என்று அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றை விரட்டினார். விரட்டப்பட்ட பாட்டெல்லாம் கொழும்புக்கு வந்து சேர்ந்தன. இந்தியா முழுக்க இலங்கை வானொலியைத் திருப்பியது. ஹிந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா அப்படித்தான் வளர்ந்தது. தமிழ்நாட்டுச் சனம் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்காகக் காத்திருந்தது. கேஸ்கரின் வானொலியே பிறகு வழிக்கு வந்து 1957 ஒக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது என்றாலும் அதற்குள் கொழும்பின் இசைத்தட்டுக் களஞ்சியம் நிறைந்துவிட்டது. ஒரு மந்திரியின் சங்கீத ரசனை எங்கள் கிடுகு வேலிகளுக்குள் என்னவெல்லாம் கொண்டுவந்து சேர்த்தது என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

கையில் ஏராளம் பாட்டு இருந்தது. ஆனால் அவை எல்லாமே தமிழ்நாட்டில் எழுதி, தமிழ்நாட்டில் பாடி, தமிழ்நாட்டுக் கதைகளுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பாட்டுகளுக்குள் எங்கள் ஒழுங்கையும் பனங்கூடலும் பஸ் தரிப்பிடமும் இல்லை. அவற்றை எங்கள் கதைக்குள் இழுத்துவர ஒரு வழி வேண்டியிருந்தது. 'இசையும் கதையும்' அந்த வழி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

கரவெட்டிப் பக்கத்தில் ஓர் அம்மா இருக்கிறார். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எண்பதுகளில் 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு எழுதி அனுப்பியவர். போன மாதம் அவர் வீட்டு விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்தோம். பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்களிடம்கூட நாங்கள் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

"முதல்ல கதையை எழுதக் கூடாது தம்பி. முதல்ல பாட்டைப் பொறுக்கோணும். அஞ்சு பாட்டைப் பொறுக்கிப்போட்டு, அதுக்குள்ளால போற மாதிரி ஒரு பாதை வெட்டோணும். கதையை முதல்ல எழுதினா, பிறகு பாட்டுத் தேடி அலையோணும், ஒண்டும் பொருந்தாது."

அடுத்தது வசனத்தை எங்கே நிறுத்துவது என்பது. "அவளுக்கு அழுகை வந்தது எண்டு எழுதிப்போட்டு அழுகைப் பாட்டுப் போட்டா அது பிழை. ரெண்டு தரம் சொன்ன மாதிரி. அவள் கதவைச் சாத்தினாள் எண்டு நிப்பாட்டோணும். அழுகையைப் பாட்டுப் பாத்துக்கொள்ளும்." எழுத்தாளர் சொல்லாமல் விடுவதைத்தான் பாட்டு சொல்லவேண்டும் என்பது அவர் கண்ட சட்டம். எங்கள் பிள்ளைகளின் நாடகத்தில் நடந்தது இதன் மறுபுறம். சொல்லவேண்டியது எதையுமே சொல்லாமல் எல்லாவற்றையும் பாட்டின் தலையில் கட்டிவிட்டோம்.

மூன்றாவதாக அவர் சொன்னதுதான் எங்களுக்குப் புதிது. எல்லாருக்கும் படக்காட்சி நினைவிருக்கும் பாட்டைத் தொடக்கூடாதாம். எம்.ஜி.ஆர். ஓடிவரும் பாட்டைப் போட்டால், கேட்பவருக்கு எம்.ஜி.ஆர். தான் வருவார், கதையில் வரும் ஆள் காணாமல் போய்விடுவார். அதனால் ஓடாத படத்தின் நல்ல பாட்டுகளைத் தேடி எடுப்பாராம். படம் நெல்லியடிக்கே வராமல் போயிருந்தால் இன்னும் நல்லது!

இதைக் கேட்டதும் எங்கள் உம்மாவின் நினைவு வந்தது. உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் தியேட்டருக்குப் போவது கிடையாது. வீட்டில் பாட்டைச் சத்தமாகப் போட வாப்பாமார் விடமாட்டார்கள். பாங்கு சொல்லும் நேரம் றேடியோ கட்டாயம் நிற்கும். ஆனால் கதை சொல்லும் நிகழ்ச்சி என்றால் உம்மம்மாவே கிட்ட வந்து குந்துவாராம். அதனால் உம்மாவுக்கு அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுகள் எல்லாம் தெரியும், படங்கள் ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் ஒரு பாட்டுக் கேட்டால் நடிகர் பெயரோ படப் பெயரோ சொல்லமாட்டார். "இது அந்தத் தையல் மெசின் வித்த பிள்ளையின்ட பாட்டு" என்பார். யாரோ ஒரு நேயர் எழுதிய கதையில் வந்த பிள்ளை அது. தமிழ்நாட்டில் ஒரு படத்துக்காகச் செய்யப்பட்ட பாட்டு, எங்கள் உம்மாவின் தலைக்குள் இலங்கையின் ஏதோ ஒரு ஊரிலிருந்து தபாலில் போன கதைக்குச் சொந்தமாகிவிட்டது. படத்தின் தயாரிப்பாளருக்கு இது தெரிந்தால் என்ன சொல்லுவாரோ தெரியாது. தையல் மெசின் கதை உங்களுடையதா என்று கரவெட்டி அம்மாவிடம் கேட்டோம். "நான் எழுதேல்ல, வேற ஆரோ" என்றார்.

இதற்கும் பழைய வேர் உண்டு என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைக்கவேண்டாம். எங்கள் குடாநாட்டில் நாடகம் என்றாலே பாட்டுத்தான். காத்தவராயன் கூத்துப் பார்க்கப் போகிற சனம் அந்தச் சிந்து நடையைக் குழந்தையிலிருந்தே அறிந்தது. அடுத்த வரி என்ன மெட்டில் வரும் என்று தெரிந்துகொண்டுதான் உட்காரும். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றினார். கதை முடிவு தெரியாமல் யாரும் போகவில்லை. தெரிந்த துக்கத்தை, தெரிந்த பாட்டில், திரும்பவும் கேட்கத்தான் விடிய விடிய இருந்தார்கள். தெரிந்த பாட்டு ஒன்று நாடகத்துக்குள் வரும்போது பார்ப்பவர் தன் வாழ்க்கையிலிருந்தும் ஒரு துண்டைக் கொண்டுவந்து போடுகிறார். புதுப் பாட்டால் அது முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம். வைரமுத்து அந்த மேடையிலேயே தன் தொண்டையால் பாடினார். 'இசையும் கதையும்' பாட்டை இரவல் வாங்கியது.

இரவல் வாங்காமலும் எங்கள் ஆட்கள் வானொலி நாடகம் செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' தொடரில் விதானையாராக நடித்தவர் எங்கள் கரவெட்டியின் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. எழுபதுகளில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' ஒலிபரப்பானபோது வீதி வெறிச்சோடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரனும் கரவெட்டிதான். 'அண்ணை ரைற்' என்ற தனிநடிப்பில் மினிபஸ்ஸை மேடைக்குக் கொண்டுவந்தவர். 2014இல் கனடாவில் காலமானார். அந்தத் தொடர்களில் பேச்சே ராசா. யாழ்ப்பாணப் பேச்சில் இருக்கும் குத்தலும் இழுவையும் போதும் என்ற நம்பிக்கை அவற்றில் இருந்தது. வடமராட்சிக்காரரின் வாய் அப்படி.

பிறகு ரீவி வந்தது. 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சி, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. சிங்களத்தில் டி. பி. நிஹால்சிங்கவின் 'திமுது முத்து'வோடு தொலைநாடகம் என்ற ஒரு வகை எழும்பி நின்றது. அவர்கள் பிடித்த வழி வேறு. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பாட்டைப் புதிதாக எழுதி, நல்ல பாடகரைப் பாடவைத்து, அதையே ஒவ்வொரு கிழமையும் தொடக்கத்தில் போட்டார்கள். தொடரே அந்தப் பாட்டைப் பிரபலமாக்கியது. தமிழில் எங்களுக்கு அப்படி ஒரு தொடர் மரபு அமையவில்லை. வடமராட்சிக் கூரைகளில் தென்னை உயரத்துக்கு அன்ரனா ஏறியது தூரதர்ஷனுக்காக. கடல் கடந்து வரும் படம் வானம் நல்லாயிருந்தால் தெளியும், மழை இருட்டினால் புள்ளி புள்ளியாகப் போகும். வெள்ளிக்கிழமை இரவு 'ஒலியும் ஒளியும்'. அதுவும் பாட்டுத்தான்.

1990இல் யுத்தம் திரும்பவும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் போனது, வருடக் கணக்காக வரவில்லை. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான். அப்போதுதான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை றேடியோவுக்குத் தொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்டார்கள். இங்கே இருந்த நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: கசற் போட்டால் சுற்றுகிறவர் களைக்கக் களைக்கப் பாட்டும் இழுபடுமாம். சுசீலாவின் குரல் ஆண் குரலாகிவிடும், உடனே "இன்னும் கொஞ்சம் சுத்தடா" என்று சத்தம் வரும். பாட்டுக்கு ஒரு மனிதனின் கை வலிக்கவேண்டியிருந்த காலம்.

அதே வருடம் ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெரு வீட்டில் சாமான்களோடு அந்த றேடியோவும் நின்றுவிட்டது. நாங்கள் புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள். அந்தக் கதைக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும், இன்றைக்கு வேண்டாம். இங்கே சொல்லவருவது ஒன்றுதான். ஓலைக் கொட்டிலில் பக்கத்து வீட்டு றேடியோவில் பழைய பாட்டொன்று வந்தால் உம்மா கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நிற்பார். படம் பார்க்காத அவருக்கு அந்தப் பாட்டுக்குள் இருந்தது சோனகத் தெரு வீட்டு முற்றம்.

நாங்கள் இங்கே காதால் செய்துகொண்டிருந்ததை அமெரிக்க ரீவிக்காரர் எண்பதுகளில் கண்ணால் செய்து பெரிய பெயர் எடுத்தார்கள். 1984 செப்டெம்பரில் 'மயாமி வைஸ்' என்ற பொலிஸ் தொடர் தொடங்கியது. முதல் கதையில் இரண்டு பொலிஸ்காரர் இரவில் காரில் போகிறார்கள். பேச்சில்லை. வீதி வெளிச்சம் கார் மேல் வழுகுகிறது. பின்னால் பில் கொலின்ஸ் 1981இல் வெளியிட்ட பாட்டு ஒன்று. நடுவில் ஒருவர் காரை நிறுத்தி, தொலைபேசிக் கூண்டிலிருந்து பிரிந்துபோன மனைவிக்குக் கோல் எடுக்கிறார். திரும்பக் கார் ஓடுகிறது. கதை ஒரு அங்குலமும் நகரவில்லை. ஆனால் சாவுக்குப் போகிற ஆட்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டது. 1981இல் எம்ரீவி வந்திருந்தது, பாட்டைப் பார்க்கச் சனம் பழகியிருந்தது. 'மயாமி வைஸ்' தயாரிப்பாளர்கள் அசல் பாட்டின் உரிமைக்காகவே ஓர் அத்தியாயத்துக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. 2005இல் 'சிக்ஸ் ஃபீற் அண்டர்' தொடரின் கடைசி நிமிடங்களில் சியா பாடிய பாட்டொன்று ஓட, தொடரில் வந்த ஒவ்வொருவரும் எதிர்காலத்தில் எப்படி மௌத்தாவார்கள் என்று வரிசையாகக் காட்டினார்கள். கரவெட்டி அம்மாவின் சட்டப்படி பார்த்தால் அது சரியான மொன்டாஜ்: காட்சி தகவலை மட்டும் சொல்கிறது, துக்கத்தைப் பாட்டுப் பார்த்துக்கொள்கிறது.

இதில் அமெரிக்கர்கள் வாங்கிய அடியும் உண்டு. 1978 முதல் 1982 வரை ஓடிய 'டபிள்யூ கே ஆர் பி இன் சின்சினாட்டி' ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். பாட்டு இல்லாமல் வானொலி நிலையம் இல்லை. ஆனால் அப்போது வாங்கிய உரிமைக்குக் காலக்கெடு இருந்தது. 2007இல் முதல் பருவத்தை டிவிடியாக விட்டபோது நிறையப் பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு இசையை நிரப்பினார்கள். பழைய இரசிகர்கள் கோபப்பட்டார்கள். 'த வொண்டர் இயர்ஸ்' தொடர் பாட்டுரிமைப் பிரச்சினையால் 2014 வரை டிவிடியாகவே வரவில்லை. அவர்களுக்குக் கதை மிஞ்சியது, பாட்டுப் போனது. எங்கள் பாடசாலைக் காணொளிக்கு நடந்ததும் அதுதான்.

தமிழ்நாட்டுத் தொடர்கள் முதலில் சிங்களத் தொலைநாடகம் போலத்தான் நடந்தன. 1993இல் சன் ரீவி வந்தது. 1999இல் தொடங்கிய 'சித்தி'க்கு நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய தலைப்புப் பாட்டு இருந்தது. 2002இல் 'மெட்டி ஒலி' வந்தபோது அதன் பாட்டு கேட்டால் அடுத்த வீட்டிலும் வேலை நிற்கும். ஏ-ஒன்பது பாதை திறந்த காலம் அது. கொழும்பிலிருந்து சாமான் வர, வீட்டுக்கு வீடு ரீவி வந்தது. இந்தத் தொடர்களுக்காகச் செய்த பாட்டு தொடருக்கே சொந்தம். பிறகு மெல்ல மெல்ல இரவல் வந்தது. தொடரின் பெயரே இரவல். 'மௌன ராகம்' 1986 படம், 2017இல் தொடர். 'ஈரமான ரோஜாவே' 1991 படம், 2018இல் தொடர். 'ராஜா ராணி' படம் வந்து நாலு வருடத்தில் அதே பெயரில் தொடர். பெயர் போன வழியில் பாட்டும் போனது.

காரணம் விளங்காததல்ல. கிழமைக்கு ஐந்து ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கதை வேண்டும். எழுதுகிறவர் மனிதர்தானே. மூன்று நிமிடத்துக்கு இருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பழைய பாட்டொன்று ஓடினால் அன்றைய கடனில் மூன்று நிமிடம் தீர்ந்தது. வசனம் எழுதத் தேவையில்லை, நடிகர் மனப்பாடம் பண்ணத் தேவையில்லை. பார்ப்பவர் தன் நினைவிலிருந்து மிச்சத்தை நிரப்பிக்கொள்வார். 'இசையும் கதையும்' எழுதிய அம்மாவுக்கும் அதே பாட்டுத்தான், ஆனால் அவருக்கு ஒரு கதைக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம். தொடருக்கு ஆயிரம் அத்தியாயம். இதை நாங்கள் குறையாகவே சொல்கிறோம், மறைக்கவில்லை. ஒரே பாட்டை ஒரே சோடிக்கு முப்பது தரம் போட்டால் அது மணியடித்துச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

நல்லபடி செய்தவர்களும் இருக்கிறார்கள். சசிகுமாரின் 'சுப்பிரமணியபுரம்' 2008இல் வந்தது, 1980 மதுரையின் கதை. அதற்குள் அதே 1980இல் வந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்தின் பாட்டு வருகிறது. அந்தப் பையனுக்கும் பிள்ளைக்கும் அது றேடியோவில் கேட்ட பாட்டு, அவர்களுடைய காலத்துப் பாட்டு. அதனால் அது ஒட்டுகிறது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 1991இல் வந்த 'குணா'வின் காதல் பாட்டை எடுத்து, குழியில் விழுந்த நண்பனைத் தூக்கும் இடத்தில் போட்டது. காதல் பாட்டு நட்புக்கு வேலை செய்தது. 'இசையும் கதையும்' எழுதியவர் எல்லாருக்கும் இந்தத் தந்திரம் தெரியும், பாட்டின் கருத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுவது. அந்தப் படத்துக்கு இளையராஜா வழக்கறிஞர் மூலம் அறிவித்தல் அனுப்பினார். 2017இல் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்தபோதும் அனுப்பியிருந்தார். நிறையப் பேர் அவரைத் திட்டினார்கள். நாங்கள் திட்டத் தயாரில்லை. இந்தியாவில் 2012இல் சட்டம் திருத்தப்படும் வரை பாட்டெழுதினவரும் இசையமைத்தவரும் ஒருதரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது கதை. அடுத்தவர் நாடகம் அழவைப்பது தன் மெட்டால் என்றால் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி ஒருவர் எதிர்பார்ப்பதில் என்ன பிழை? ஒலியை நிறுத்திய தளத்தின் மேல் எங்களுக்கு வந்த கோபமும் இதை யோசித்த பிறகு பாதியாகிவிட்டது. கேட்காமல் எடுத்தது நாங்கள்தானே.

திரும்ப விறாந்தைக்கு வருவோம். எழுதிய கதைகள் கையில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டோம். ஒரு சிஆர் கொப்பியில் எல்லாவற்றிலும் ஒரு பிரதி எழுதி வைத்திருந்தாராம். கதை நீல மையில், பாட்டின் பெயர் சிவப்பு மையில். முதல் இடப்பெயர்வில் அதைக் கொண்டு போனார், திரும்பக் கொண்டும் வந்தார். அடுத்த இடப்பெயர்வில் எங்கே விட்டாரென்று தெரியாது. ஒலிபரப்பானதைக் கசற்றில் பதிவுசெய்யவும் வீட்டில் வசதி இருக்கவில்லை. "பாட்டெல்லாம் இப்பவும் போனில கேக்கலாம் தம்பி. பேரன் போட்டுத் தாறவன். கதைதான் எனக்கே மறந்து போச்சு."

அமெரிக்கத் தொடர்களுக்கு நடந்ததன் தலைகீழ் இது. ஐந்து பாட்டும் இணையத்தில் தெளிவாக இருக்கின்றன, ஆயிரம் பேர் ஏற்றியிருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவில் கரவெட்டியில் ஒரு இளம் பெண் குப்பி விளக்கில் வெட்டிய பாதை இல்லை. பேர் போன நாடகங்களைப் பற்றி எழுதுகிறோம், ஆய்வு செய்கிறோம். நேயர் எழுதிய இந்தக் கதைகளை இலக்கியம் என்று ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, சினிமாப் பாட்டை வைத்து எழுதியது என்பதால் எழுதியவர்களே கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். ஆனால் கதை எழுதவேண்டும் என்று முதல் முதலாகப் பேனை பிடித்த எத்தனை பெண் பிள்ளைகளுக்கு அதுதான் வாசல்! புத்தகம் போடக் காசு வேண்டும், பத்திரிகையில் வர ஆள் தெரியவேண்டும். இதற்கு ஒரு தபால் உறையும் முத்திரையும் போதும்.

ஆகவே இந்தப் பதிவு ஒரு விண்ணப்பம். நெல்லியடி, கரவெட்டி, உடுப்பிட்டி, துன்னாலை, அல்வாய், பருத்தித்துறைப் பக்கம் 'இசையும் கதையும்' நிகழ்ச்சிக்கு எழுதியவர்கள், அல்லது அப்படி எழுதிய அம்மா, மாமி, அக்காவின் கொப்பி எங்கேயாவது பெட்டிக்குள் கிடக்கக் கண்டவர்கள், உள்பெட்டியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொப்பியைத் தரவேண்டாம். போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும், கறையான் அரித்த பக்கமென்றாலும் அனுப்புங்கள். பழைய கசற்றில் பதிந்தது இருந்தால் ஓடாவிட்டாலும் எறியாதீர்கள். புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் உறவுகளிடமும் கேட்கிறோம். உம்மாமாருக்கு ஞாபகமிருக்கும் கதைகளை, பாட்டின் பெயரோடு, குரல் பதிவாகவாவது எடுத்து வையுங்கள். தையல் மெசின் விற்ற பிள்ளைக்குக் கடைசியில் என்ன ஆனது என்று எங்கள் உம்மாவுக்கு ஞாபகம் இல்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் நாடகம் பற்றிக் கேட்பீர்கள். போன கிழமை ஒத்திகையில் ஒரு முடிவுக்கு வந்தோம். கட்டாருக்குப் போகும் காட்சி இருக்கும், பாட்டும் இருக்கும். ஆனால் போனிலிருந்து வராது. தாயாக நடிக்கிற பிள்ளை சோறு வடித்தபடி, பாதி வரி ஞாபகமில்லாமல், மெதுவாகத் தானே முணுமுணுப்பாள். பாட்டு நிற்கிற இடத்தில் மகன் ஒரு வசனம் பேசவேண்டும். அந்த வசனத்தை மூன்று பேர் மூன்று விதமாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூன்றும் சரியில்லை. திங்கட்கிழமை திரும்ப எழுதுகிறார்கள்.